கைகாட்டி இறங்கிருக்கு

வண்டி கிளம்பும்போதே மெரெரித் முடிவு செய்துவிட்டாள், இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தொண்டை தேய்ந்தவளுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை. கரியை அள்ளி நெஸ்டாவின் வாய்க்குள் வீசினாள். நெஸ்டா, கற்பலகைச் சுரங்கத்துக்காக வாங்கிய குட்டி எஞ்சின். சுரங்கம் மூடி, தண்டவாளத்தின் மேல் முள்செடி மண்டிக் கிடந்ததை வெட்டிச் சுத்தம் செய்து, துருவைச் சுரண்டி, மறுபடி ஓடவிட்டது ஊரிலுள்ள இந்தக் கிறுக்குக் கூட்டம்தான். யாருக்கும் சம்பளம் கிடையாது. அவள் கணவன் கெதின் பல் வைத்தியன். வாரமெல்லாம் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமையானால் இங்கே ஓடி வந்துவிடுவான். அவனைத் திட்டி வீட்டுக்கு இழுத்துப்போக வந்தவள் கையில் ஒருநாள் யாரோ கரிவாரியைக் கொடுத்தார்கள். அன்றைக்கு மாட்டிக்கொண்டவள்தான். எஞ்சின் ஓட்டும் பரீட்சையிலும் தேறிவிட்டாள். ஆனாலும் கெதின் நின்று ஓட்டும் பக்கம் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

கைகாட்டி கண்ணில் பட்டதும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது எஞ்சினில் ஏறும் எவருக்கும் முதல் பாடம். போன சனிக்கிழமை அவள் வாய் தவறி, "இறங்கிருக்கு" என்று சொல்லிவிட்டாள். கைகாட்டியின் கை தூக்கித்தான் இருந்தது; தூக்கியிருந்தால் நிற்க வேண்டும், இறங்கியிருந்தால்தான் போகலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவதற்குள் கெதின், "இறங்கிருக்கு" என்று பாடிவிட்டு நீராவிக் கைப்பிடியை இழுத்துவிட்டான். அவள்தான் பாய்ந்து பிரேக்கைப் போட்டாள். "அசந்துட்டேன், அம்மணி" என்று அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஓடை வளைவு தாண்டியதும் கைகாட்டி தெரிந்தது. நன்றாக இறங்கியே இருந்தது. மெரெரித் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கினாள். சொல்லிடு கிழவா, நீயா சொல்லிடு, நான் நினைச்சது தப்புன்னு ஆயிடட்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினாள். கெதின் வெளியே தலையை நீட்டினான். கண்ணை இடுக்கினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, அவள் வாயையே பார்த்தான். மெதுவாக நீராவியை அடைத்து வண்டியை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்தின?"

"நீ சொல்லலையே."

"உனக்குத் தெரியலையா?"

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கம்பம் தெரியுது. மேல என்ன இருக்குன்னு தெரியல."

"எத்தனை நாளா?"

"பனி உருகினதுலேருந்து. போன வாரமே கண்டுபிடிச்சுட்ட, இல்ல? ஒரு வாரமா வாயத் தொறக்காம இருந்தியா? நீயா?"

"பின்னாடி அவ்வளவு புள்ளைங்க உக்காந்திருக்கு, கெதின்!" அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"உன் கண்ண நம்பித்தான் ஓட்டினேன்" என்றான் சின்னக் குரலில். "தப்புதான்."

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இத்வால் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூச்சுவாங்க வந்தான்.

"என்னாச்சு? கைகாட்டி இறங்கித்தானே இருக்கு? ஆடு கீடு குறுக்க வந்துச்சா?"

நல்லவேளையாக வேலியோரம் ஆடுகளும் நின்றன. ஆமாம் என்று சொல்ல மெரெரித் வாயைத் திறந்தேவிட்டாள்.

"ஆடெல்லாம் இல்ல, இத்வால்" என்றான் கெதின். "எனக்குக் கண்ணு தெரியல. இனிமே நான் ஓட்டமாட்டேன். இவ ஓட்டுவா."

இத்வாலின் பற்களில் பாதி கெதின் கட்டியவை. அவன் கெதினின் முழங்கையை ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்பி நடந்தான்.

அந்தச் சின்ன இடத்தில் இருவரும் இடம் மாறுவது பெரும்பாடாக இருந்தது.

"வயித்த உள்ள இழு."

"இழுத்துத்தான் இருக்கேன், இவ்வளவுதான் போகும்."

நெஞ்சும் நெஞ்சும் உரச ஒருகணம் நின்றார்கள். அவன் கோட்டில் எண்ணெயும் புகையும் மணத்தன. கெதின் கரிவாரியை எடுத்து முதல் வாரிக் கரியை வீசினான். பாதி அவள் காலடியில் சிந்தியது.

மெரெரித் முன்னால் பார்த்தாள். "கைகாட்டி இறங்கிருக்கு!" என்று உரக்கச் சொன்னாள்.

பின்னால் பதில் இல்லை. கெதின் எப்படிச் சொல்வான்? அவள் கைப்பிடியைத் தொடாமல் நின்றாள். பெட்டியில் ஒரு குழந்தை எப்போது கிளம்பும் என்று சிணுங்கியது.

"இறங்கிருக்கு!"

வண்டியின் வால்பக்கமிருந்து வந்தது குரல். இத்வால் படியில் தொற்றிக்கொண்டு, உடம்பு முழுக்க வெளியே சாய்ந்து, கைகாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நீராவியைத் திறந்தாள். நெஸ்டா ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. கெதின் தலை நிமிரவில்லை. மண்டியிட்டு, அவள் காலைச் சுற்றிச் சிந்திக்கிடந்த கரியைக் கையால் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.