கோதுமை வண்டியில் ஏறி வந்த சாமி

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு லேப்டாப்போடு எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வீடு தீப்பற்றினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆளுக்கொரு ராஜ்யம், ஆளுக்கொரு மதம். மதத்துக்கு நாமே பெயர் வைக்கலாம். தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டு தானாகக் கொடுத்த ஏதோ ஒரு பெயரையே வைத்துக்கொண்டான். அக்கா மட்டும் 'சிட்டு' என்று அடித்தாள். போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அவள் மகளை வீட்டில் கூப்பிட்ட பெயர்.

அந்தப் பெயரைப் பார்த்தும் தம்பி அந்தக் காரியத்தைச் செய்தான், படுபாவி.

"அக்கா, உன் ஊரெல்லாம் பஞ்சமா கிடக்கு. கோதுமை அனுப்பவா?"

"நீ இருக்கும்போது எனக்கென்னடா குறை?" என்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டாள்.

இந்த விளையாட்டில் வியாபார வண்டி சும்மா வராது. மூட்டையோடு மூட்டையாக, அனுப்புகிறவனின் சாமியும் ஏறி வந்து, வாங்குகிற ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மதத்துக்கு மாற்றிவிடும். அனுப்புகிறவனிடம் பெரிய சந்தை இருந்தால் இரட்டை வேகம். அக்காவுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. தம்பியோ போன வாரமே இரண்டு சந்தை கட்டி வைத்திருந்தான். அவன் ஜெயிக்க இன்னும் மூன்றே ஊர்கள் மதம் மாற வேண்டும், மூன்றும் அக்காவுடையவை. விளையாட்டுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

எட்டாவது வண்டியில் கடைசி ஊரும் மாறியது. கும்பிட ஆளில்லாத மதத்தை விளையாட்டு பட்டியலிலிருந்தே தூக்கிவிடும் என்பது அவனுக்கே தெரியாது.

"டேய், சிட்டு எங்கடா?"

ஒரு வருஷமாக அக்கா வாயில் வராத பெயர். பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். "இங்கதானே இருந்தா?"

தம்பி தன் திரையில் ஜெயித்ததாக வந்த அறிவிப்பைச் சட்டென்று மூடினான்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்றாள் அக்கா. "கோதுமை வருதேன்னு அசால்ட்டா இருந்துட்டேன். அன்னிக்கும் சாதாரணக் காய்ச்சல்தானேன்னு இப்படித்தான் இருந்தேன். எதையும் நான் ஒழுங்கா பாத்துக்கல."

"ஐயோ, நீ இல்லக்கா. நான்தான். வண்டியில மதமும் வரும்னு தெரிஞ்சே அனுப்பினேன். ஜெயிக்கணும்னு வேணும்னே பண்ணேன்."

திட்டுவாள், ஓங்கி ஒரு அறை விடுவாள் என்று காத்திருந்தான். விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்ததைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

"அப்போ என் தப்பு இல்லையாடா?" அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். "நிஜமாவா? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். மறுபடியும் சொல்லச் சொன்னாள்.