மைனி எடுத்த மழைக்கோட்டு

ரீத்தாவைச் சைக்கிள் பயணத்துக்கு இழுத்துவிட்டது அவள் நாத்தனார் குளோரிதான். 2013 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நாகர்கோவிலிலிருந்து முப்பந்தல் காற்றாலைகள் வரை பதினெட்டுப் பேர் போவதாகத் திட்டம். குளோரி கணக்கு டீச்சர். ரீத்தாவுக்குப் புதுக்கடை என்ற ஊரில் தையல்கடை. இருபது வருடம் மிஷின் மிதித்த கால்களுக்குச் சைக்கிள் பெரிய காரியமாகத் தெரியவில்லை. மழைதான் யோசனையாக இருந்தது.

முந்தின நாள், கோட்டு எடுக்க இருவரும் நாகர்கோவிலில் மழைக்கோட்டு விற்கும் ஐயப்பனின் கடைக்குப் போனார்கள்.

"இது எடையே கிடையாதுக்கா. இதுக்க பாக்கெட்டுக்குள்ளயே மடக்கி வச்சுக்கிடலாம்" என்று ஐயப்பன் ஒரு மஞ்சள் கோட்டைச் சுருட்டி பன் அளவுக்கு ஆக்கிக் காட்டினான். குளோரிக்கு அந்த நிறமே போதுமாக இருந்தது.

ரீத்தா அதைப் பிரித்து உள்பக்கம் புரட்டினாள். "தையலுக்கு மேல டேப்பு ஒட்டலியே. ஊசி போன ஓட்டை வழியாட்டு தண்ணி இறங்கும், கேட்டியா?"

ஐயப்பன் மேல்தட்டிலிருந்து ஒரு நீலக் கோட்டை எடுத்தான். ரீத்தா துணியை வாயில் வைத்து ஊதினாள். மறுபக்கம் காற்று வரவில்லை. கோட்டின் கைப்பகுதியில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். முத்து முத்தாக உருண்டு விழுந்தது. தையலெல்லாம் டேப் ஒட்டியிருந்தது.

"இதாக்கும் வேலை" என்றாள் ரீத்தா.

"மைனி, உங்களுக்கு மீடியம் போரும்" என்றாள் குளோரி. அண்ணியை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

"சும்மா இரு ஏட்டி. சுருங்கும்லா."

"இது சுருங்காதுக்கா" என்று ஐயப்பன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. எக்ஸ்எல் எடுத்தாள். குளோரி மஞ்சளையே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை போகும்போது காற்று முதுகில். தோவாளை தாண்டியதும் நீலக் கோட்டு பலூன்போல் உப்பியது. ரீத்தா ஒவ்வொருவராகத் தாண்டிப் போனாள்.

"மைனி, பிரேக்க பிடிங்க!"

"நான் மிதிக்கவே இல்ல ஏட்டி!"

காற்றாலைகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவள்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது காற்று எதிரே வந்தது, கூடவே சாரலும். கோட்டு அவளைப் பின்னால் பிடித்து இழுத்தது. கோட்டின் தொப்பி கண்ணை மூடியது. சைக்கிள் தள்ளாடி மண்ணில் இறங்கியது. ரீத்தா சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போ. நான் பஸ்ஸுல வாறேன்." அவள் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். "ஊருக்கெல்லாம் அளவெடுக்கேன். எனக்க அளவு எனக்கு தெரியல, பாத்தியா."

குளோரி அவளை எழுப்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தோவாளை வரை நடத்திவந்தாள். பூச்சந்தை ஓரம் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த பூக்காரி ராஜமணி, ரீத்தாவின் உப்பிய கோட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"இஞ்ச வாங்கக்கா. நான் கெட்டித் தாறேன்."

ஈர வாழைநாரை எடுத்து ரீத்தாவின் இடுப்பில் ஒரு சுற்று, முழங்கைகளில் ஒவ்வொரு சுற்று என்று இறுக்கிக் கட்டினாள். கோட்டு அடங்கியது. நாரில் நாலைந்து பிச்சி மொட்டுகள் ஒட்டியிருந்தன. ரீத்தா ஏறி மிதித்தாள். சைக்கிள் போயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் குளோரி பக்கத்தில் வந்தாள். "மைனி, எனக்க தோளெல்லாம் நனஞ்சு தண்ணி முதுகுல ஓடுது. நீங்க சொன்ன ஓட்டைதான்."

ரீத்தா மழையில் வாய்விட்டுச் சிரித்தாள்.

திங்கட்கிழமை கடையில் அந்தக் கோட்டை மேசையில் விரித்து, இரண்டு பக்கமும் பிடித்துச் சின்னதாக்கச் சாக்பீஸால் கோடு போட்டாள். மிஷினில் வைத்து ஊசியை இறக்கப் போனவள் சட்டென்று கையை எடுத்தாள். இறக்கினால் ஒவ்வொரு குத்தும் ஓர் ஓட்டை. கோட்டை உருவியெடுத்து, எதிர் ஃபேன்சி கடையில் ஓர் எலாஸ்டிக் பெல்ட் வாங்கி வெளியே மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு போனை எடுத்தாள்.

"ஏட்டி குளோரி, அடுத்த வாரத்துக்கு காத்து இல்லாத ரூட்டு ஏதாவது உண்டுமா?"