சீனா ஃபோனும் என் மாமனாரும்

என் மாமனாருக்குச் சீனா ஃபோன் என்றாலே ஆகாது. டிவியில் நாலு பேர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதில் நாம் பேசுவது எல்லாம் கடல் தாண்டிப் போகிறது, நாம் வாங்குகிற மாத்திரை, ஏறுகிற பஸ், படுக்கிற நேரம் வரை எங்கோ ஒரு கட்டடத்தில் எழுதி வைக்கிறார்கள் என்று காலையும் மாலையும் ஓதிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஃபோன் விஷயத்தில் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

நான் மறுபேச்சு பேசினேன். எனக்கு வேறு வழியில்லை.

என் தம்பி குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தான். ஆற்றோரக் குடியிருப்புகளுக்குப் போகும் தண்ணீரில் ஆர்சனிக் அளவுக்கு மேல் இருக்கிறது என்று அவன் எழுதிய அறிக்கையை மேலதிகாரிகள் எட்டு மாதம் அலமாரியில் பூட்டி வைத்தார்கள். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு அறிக்கையை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டான். அது அச்சில் வந்த மறுநாள், தண்ணீரைப் பார்க்க ஒரு ஆள் போகவில்லை, இவனைத் தேடி இரண்டு ஜீப் போனது. அரசாங்க ரகசியத்தை வெளியிட்ட குற்றமாம். பிடிபட்டால் பத்து வருடம். அதற்குள் அவன் கிளம்பிவிட்டான். எங்கே என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கு அம்மா அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான் சொந்தம்.

போகும்போது ஒன்றே ஒன்று சொன்னான்.

"பழைய ஃபோனைத் தூக்கிப் போடுக்கா. உள்ளூர் கம்பெனி ஃபோன் வாங்காத. போலீஸ் கேட்ட உடனே அவங்க எல்லாம் சாவியை எடுத்துக் கொடுத்துடுவாங்க. சீனா ஃபோன் வாங்கு."

"அதுல அவங்க ஒட்டுக் கேக்கறாங்களாமேடா."

"கேக்கட்டுமே. நான் எந்தத் தெருவுல ஒளிஞ்சிருக்கேன்னு தெரிஞ்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க? இங்க இருந்து கேக்கறவன்தான் வந்து கதவைத் தட்டுவான்."

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள். எனக்குத் தூரத்தில் எரிகிற கொள்ளி தேவலை என்று பட்டது.

மருத்துவமனையில் எனக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். விற்கிற பெண் நல்ல வாய்க்காரி. எதைக் கேட்டாலும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள். "எல்லாரும் கேக்கற மொதல் கேள்வி கேமரா, ரெண்டாவது கேள்வி உளவு. கேமராவைத் திறந்து காட்டினதும் ரெண்டாவது கேள்வி மறந்துடும்க்கா" என்றாள். பிறகு புது சிம்முக்காக என் அடையாள அட்டை, இரண்டு கட்டைவிரல் ரேகை, கண் சிமிட்டாமல் ஒரு படம் எல்லாம் எடுத்துக்கொண்டாள். "இது எதுக்கு?" என்றேன். "அரசாங்க உத்தரவு" என்றாள். சீனாக்காரன் இன்னும் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை, அதற்குள் நம் ஆட்கள் என் பத்து பொருத்தமும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

மாமா அந்த ஃபோனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியேம்மா." அதோடு விடவில்லை. தன் மூல வியாதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஃபோன் மேல் துண்டைப் போட்டு மூடினார். சீனாவில் ஒரு கூட்டமே அவருடைய மூலத்துக்காக ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. என் கணவர் சிரிப்பார். நானும் சிரித்தேன்.

எக்ஸ்சேஞ்ச் கதையை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆபரேட்டர் கையால் இணைப்புக் கொடுத்த காலம் அது. சில எண்களுக்கு நேராகச் சிவப்புக் குறி இருக்குமாம். அந்த எண்ணில் பேச்சு வந்தால் இவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், சாரம் ஒரு வரி, பின்னால் என்ன சத்தம் கேட்டது என்பது ஒரு வரி. மேலே அனுப்ப வேண்டும். இவர் எழுதிய தாளை யாரும் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிரும். வீட்டில் யார் ஃபோன் பேசினாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். வைத்ததும், "நாலு நிமிஷம் இருபது செகண்ட்" என்பார். பழக்க தோஷம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அந்த ஃபோனோடு வந்த சீனா செயலி வழியாகத் தம்பி வாரத்தில் மூன்று முறை கூப்பிட்டான். செவ்வாயும் வெள்ளியும் நான் வேலையில் இருக்கும்போது. எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் சிக்னல் வராது, அதனால் பின்பக்கப் படிக்கட்டில் நின்று பேசுவேன். ஞாயிறு பதினொரு மணிக்கு மட்டும் வீட்டில்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். மாமா கூப்பிட்டார். "எதுக்கும்மா ஒளிஞ்சு பேசற? நம்ம பையன்தானே. ஸ்பீக்கர்ல போடு, அவன் குரலை நானும் கேக்கறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என் பிறந்த வீட்டு ஆட்களை அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. போலீஸ் தேடுகிற ஒருவனை 'நம்ம பையன்' என்கிறாரே மனுஷன் என்று உருகிப் போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில் ஃபோனை வைத்து, நானும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினோம். "சாப்பிட்டியாப்பா? இருமல் எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார். அவனும் "நல்லா இருக்கேன் மாமா" என்பான். அந்தச் சமயத்தில் மட்டும் ஃபோன் மேல் துண்டு கிடையாது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

எக்ஸ்சேஞ்சில் மாமாவிடம் வேலை பழகிய ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பார்க்க வருவார். இப்போது ஏதோ பெரிய அலுவலகத்தில் பெரிய நாற்காலி. கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "சார், சார்" என்று கை கட்டி நிற்பார். அந்த மாதங்களில் திங்கட்கிழமை தவறாமல் வந்தார். மாமாவுக்கு வயதாகிறது, அக்கறையாக வருகிறார் என்று நானே அவருக்குக் காபி கலந்து கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன்.

பதினாலாவது வாரம் தம்பியைப் பிடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஃபேன் மட்டும் சுற்றுகிற சிறிய அறை. அதிகாரி சத்தமே போடவில்லை. என் ஃபோனை மேசை மேல் வைத்து ஒரு விரலால் தள்ளினார்.

"சீனா ஃபோன் வாங்கினா எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு வாக்குமூலத்தை நீட்டினார். நான் தயங்கினேன். பயமுறுத்துவதற்காக ஒரு தாளை எடுத்துப் படித்தார். "ஞாயிறு. பதினொண்ணு நாலுக்கு ஆரம்பம். ஒன்பது நிமிஷம் நாற்பது செகண்ட். சாரம், உடல்நலம் விசாரிப்பு, இருமல் தொடர்கிறது. பின்னணி ஓசை, ரயில்வே கேட் மணி, அதன்பின் நீளமான சரக்கு ரயில். மரம் அறுக்கிற இயந்திரம், ஞாயிறும் ஓடுகிறது." அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறு. ஞாயிறு பதினொரு மணிக்குச் சரக்கு ரயில் கடக்கிற கேட், அதை ஒட்டி ஞாயிறும் ஓடுகிற மர மில், இரண்டும் சேர்ந்த ஊர் நாட்டிலேயே நாலைந்துதானாம். மூன்றாவது ஊரில் பிடித்தார்களாம். பெருமையாகச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை பேசினது இல்லையா சார்?" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது.

அவர் தாளைப் புரட்டினார். செவ்வாய் இல்லை. வெள்ளியும் இல்லை. ஃபோன் காட்டிக் கொடுத்திருந்தால் படிக்கட்டில் நான் அழுத அழுகையும் அதில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பதினாலு வாரமும் என்னோடேயே இருந்த ஃபோனுக்கு ஒரு பாவமும் தெரியாது. கையெழுத்துப் போட்டேனா இல்லையா என்பதுகூட வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமா நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி பேசினதை யார்கிட்ட சொன்னீங்க மாமா?"

பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"திங்கக்கிழமை வருவானே, அவன் வந்து கேட்டான். எழுதிக் கொடுத்தேன். வாயால சொன்னா மறந்துடும்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"எதுக்குன்னு கேக்கற பழக்கம் எனக்கு இல்லம்மா. முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் கேட்டிருந்தா மறுநாள் எனக்கு வேலை இருந்திருக்காது. நீங்க எல்லாரும் சோறு தின்னிருக்க மாட்டீங்க."

"தம்பி உங்களை மாமான்னு கூப்பிட்டான்."

"நல்ல பையன். யாரு இல்லைன்னா? கெட்டதா ஒரு வரி நான் எழுதலையே. இருமல் இருக்குன்னுகூட எழுதினேன். உள்ள வச்சா மருந்து கொடுப்பாங்கல்ல."

பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். செய்தது தப்பு என்று தெரிந்து மறைக்கிறவனைத் திட்டலாம், நாலு பேரைக் கூட்டி அசிங்கப்படுத்தலாம். இவருக்கு வேலையைச் சரியாகச் செய்த திருப்திதான் இருந்தது. எழுபத்தெட்டு வயதில் யாரோ தேடி வந்து வேலை கொடுத்த திருப்தி. அந்த நிமிடத்தில் அவரை நான் வெறுத்த மாதிரி என் வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. 'நம்ம பையன்' என்ற ஒரு சொல்லுக்கு விலைபோன என்னை அதைவிட அதிகமாக வெறுத்தேன்.

என் கணவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதற்கும் வாயைத் திறக்காத மனிதர் அன்றைக்குத்தான் திறந்தார். "அப்பாவுக்குப் பழக்க தோஷம். இப்ப அவரை வீட்டை விட்டுத் துரத்தினா உன் தம்பி வந்துடுவானா? என் வேலையும் போகும். ஃபோன்தான்னு சொல்லிட்டுப் போ. சீனாக்காரன் என்ன, வந்து இல்லைன்னா சொல்லப் போறான்?"

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊரே சொல்லிக்கொண்டது. "அந்த ஃபோன் வேணாம்னு நாங்க அப்பவே சொன்னோமே" என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். இரண்டு பேர் தங்கள் சீனா ஃபோனைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தம்பியைப் பார்க்கவிட்டார்கள். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். கன்னம் ஒட்டிப் போயிருந்தான். இருமல் அப்படியே இருந்தது. மருந்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தான்.

"ஃபோன்தானே அக்கா?" என்றான். "நான்தான் தலைகீழா நின்னு சீனா ஃபோன் வாங்க வச்சேன். எல்லாம் என் புத்தி."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வழி முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அவன் அடுத்ததாக, "ஞாயிறு பதினொரு மணிக்கு உங்க ரெண்டு பேர் குரலும் இப்பவும் காதுல கேக்குதுக்கா, அதை நெனச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன்" என்றான். வெளியே தனக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பில் பத்து வருடத்தைக் கடக்கப் போகிறவனிடம், அந்த வீடுதான்டா உன்னைப் பிடித்துக் கொடுத்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாசம் மட்டும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். திரும்பிப் போய் நான் படுக்க வேண்டியதும் அதே வீட்டில்தான்.

"ஆமாடா. ஃபோன்தான்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "அப்ப மாமா சொன்னதுதான் சரி. பெரிய மனுஷர் அவ்வளவு சொல்லியும் நாம கேக்கல. நான் மன்னிப்பு கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லுக்கா. மறக்காம சொல்லு."

அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மாமா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை நின்றேன். ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தைக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "தம்பி உங்ககிட்ட மன்னிப்பு கேட்டான் மாமா. ஃபோன் விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரியாம்."

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்துகொண்டார். மாமா குனியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கனிவாகப் பார்த்தார். உண்மையாகவே கனிவாகத்தான் பார்த்தார்.

"பரவாயில்லம்மா. சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான். இனிமேலாவது பெரியவங்க பேச்சைக் கேக்கச் சொல்லு."

"சொல்றேன் மாமா" என்றேன்.