தந்தப் பிடி

விஜயநகரில் உள்ள தனியார் அருங்காட்சியகத்தில் பழைய கைத்துப்பாக்கிகளைப் பராமரிக்க இரண்டு பேர் இருந்தார்கள், கேரலும் மனிஷாவும். நிரந்தர வேலை ஒன்றுதான். டிசம்பரில் பெங்களூரிலிருந்து நிபுணர் வந்து பார்த்த பிறகு அது யாருக்கு என்று தெரியும்.

வெள்ளைப் பிடி போட்ட ரிவால்வர் வந்த அன்றே மனிஷா அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கோடு ஓடுகிறது, யானைத் தந்தம்தான் என்று சொல்லிவிட்டாள். காப்பாளர் மல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு நடு அலமாரியில் இடம், விவரப் பலகை, பலகையின் அடியில் மனிஷாவின் பெயர். கேரல் மூன்று மாதம் உட்கார்ந்து துரு நீக்கிய, வால்நட் மரப் பிடி போட்ட பிஸ்டல் அதன் பக்கத்தில் கிடந்தது, யார் பெயரும் இல்லாமல்.

மனிஷா சாப்பிடப் போன நேரத்தில் கேரல் லென்ஸை வைத்துப் பார்த்தாள். தந்தமென்றால் கோடுகள் வலைபோல வெட்டிக்கொள்ளும். இவை நோட்டுக் கோடுபோல நேராக ஓடின. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தாள். கற்பூரம். அப்படியானால் இது செல்லுலாய்டு, தந்தம்போலத் தெரியும் பழைய காலத்துப் பிளாஸ்டிக்; கற்பூரம் கலந்துதான் அதைச் செய்வார்கள். பழசானால் அமிலப் புகை விடும். மூடிய அலமாரியில் வைக்கவே கூடாது.

சொல்லத்தான் போனாள். வாசலில் மல்லப்பன் யாரிடமோ மனிஷாவின் கண்ணைப் புகழ்ந்துகொண்டிருந்தார். கேரல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நிபுணரே சொல்லட்டும், அந்தப் பெயரைப் படித்துவிட்டு.

ஆயுதபூஜையன்று துப்பாக்கிகளுக்குக் குங்குமம் இட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டி, கண்ணாடியை மூடினார்கள். நவம்பரிலும் அலமாரிப் பக்கம் வாசனை தூக்கலாக அடித்தது.

“பூஜை வாசனை இன்னும் போகல பாரு,” என்று சிரித்தாள் மனிஷா. கேரலும் சிரித்தாள்.

நிபுணர் வருவதற்கு முந்தின நாள் துடைப்பதற்காகத் திறந்தார்கள். நெடி மூக்கில் ஏறியது. வெள்ளைப் பிடி மஞ்சளாகி, விரிசல் விட்டு, வியர்த்துக் கிடந்தது. பக்கத்துப் பிஸ்டலில் வால்நட்டுக்கு ஒன்றுமில்லை. குழல்தான் அந்த அமிலப் புகையில் முழுக்கச் செந்துரு. கேரல் தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவந்த பூவேலை போயிருந்தது.

“என் தப்பு, கேரல். இது தந்தமே இல்ல. பூஜைக் கற்பூரம்னு விட்டுட்டேன். உன் மூணு மாச வேலை போச்சு.” மனிஷா குழலைத் தொட்டுப் பார்த்தாள். “உனக்காவது தோணலையா?”

“இல்ல.”

மனிஷா நேரே மல்லப்பனிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். கதவு திறந்திருந்தது. திட்டு விழும் என்று கேரல் காத்திருந்தாள்.  அவர் கன்னடத்தில், தப்பைத் தானாக வந்து சொல்கிற ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும் என்றார்.

கேரல் குழலில் எண்ணெய் தடவினாள். அந்த அறைக்குள் போய்ச் சொல்ல அவளிடமும் ஒன்று இருந்தது, மனிஷாவுடையதைவிடப் பெரியது. இனிமேல் சொன்னாலும் இரண்டாவதாகத்தான் நிற்க வேண்டும்.