குனிந்த தலையின் உயரம்

நிலவறைச் சலவைக்கூடத்தில் எந்நேரமும் நீராவி மிதக்கும். வெள்ளை விரிப்புகள் அதற்குள் மேகம்போல் நகரும். கூரையையொட்டி வெந்நீர்க் குழாய்கள் தாழ்வாக ஓடுவதால் அங்கே யாரும் நிமிர்ந்து நடப்பதில்லை. பல வருடமாக அங்கே வேலை பார்க்கும், நெடுநெடுவென்று வளர்ந்த அக்காவுக்குக் கேட்கவே வேண்டாம். தலைக்குமேல் ஏதாவது நிழலாடினாலே கழுத்து தானாக மடங்கிவிடும்.

அன்று அவள் நின்றது மருத்துவமனையில், எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல். தம்பிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தரவேண்டும். எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியெண் முப்பதுக்குக் கீழே இருந்தால்தான் அடுத்த சோதனைக்கே அனுப்புவார்களாம்.

எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. உயரம் பார்க்க நர்ஸ் தலைக்குமேலிருந்த பலகையை மெல்ல இறக்கினாள். அக்கா கண்களை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள், சலவைக்கூடத்து நீராவியில் தம்பி சின்னப்பிள்ளையாக, விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஓடினான்.

"ஒண்ணு புள்ளி ஏழு மீட்டர். அதை அதாலயே பெருக்கி, வர்றதால எடையை வகுக்கணும்... முப்பத்தொண்ணு புள்ளி எட்டு. ஆறு கிலோ குறைச்சுட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்கக்கா."

"ரெண்டு மாசமா! சாப்பாட்டையே நிறுத்திட்டா ஒரு வாரத்துல குறையுமா?"

"விடுக்கா," என்றான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி, ஜன்னலைப் பார்த்தபடி. "டயாலிசிஸ் எனக்குப் பழகிப்போச்சு."

"நீ வாயை மூடு. நான் இன்னையிலிருந்து வெறும் தண்ணிதான்."

அவள் சொன்னால் செய்துவிடுவாள். அது அவனுக்குத் தெரியும்.

"சிஸ்டர்," என்றான் மெதுவாக. "பலகை இறங்கினப்ப இவ குனிஞ்சுட்டா. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பார்த்துட்டும் சொல்லாம இருந்தியாடா பாவி?"

"உன்னை வெட்டிக் கூறுபோட எனக்கு மனசு வரலக்கா. ஆனா நீ பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துடுவ போலிருக்கே. நிமிர்ந்து நில்லு. இங்க தலைக்குமேல குழாய் எதுவும் ஓடல."

மறுபடி பலகை இறங்கியது. கழுத்து மடங்கப் பார்த்தது. தம்பி எழுந்து வந்து, இரண்டு விரல்களால் அவள் மோவாயைத் தாங்கினான். விரல்கள் சில்லென்றிருந்தன. தரையே கழன்று, வெண்மைக்குள் மேலே மேலே போவதுபோல் இருந்தது அவளுக்கு.

"ஒண்ணு புள்ளி எழுபத்தாறு!" நர்ஸ் மறுபடி வகுத்துப் பார்த்தாள். "எடை அதேதான். உயரத்தை அதாலயே பெருக்கி வகுக்கிறோம்ல, ஆறு சென்டிமீட்டரே ரெண்டு புள்ளியை விழுங்கிடுச்சு. இருபத்தொம்பது புள்ளி ஏழு. அடுத்த சோதனைக்கு ரத்தம் குடுக்கப் பக்கத்து அறைக்குப் போங்க."

பலகை மேலே ஏறிவிட்டது.

"கையை எடுடா."

"இருக்கட்டும்க்கா," என்றான் அவன். எடுக்கவில்லை.