கசிவு இல்லை

பம்பு அறையின் கதவைத் தள்ளியதும் பச்சைப் பெயிண்ட் அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது. "ஐயையோ மேடம், பாத்து! காலைலதான் அடிச்சோம்," என்று வால்வுக்காரர் மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு ஓடி வந்தார். உள்ளே கல்யாண வீடு மாதிரி இருந்தது. தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். மோட்டார்களில் முகம் பார்க்கலாம். குழாய்களுக்கு நீலம், வால்வுச் சக்கரங்களுக்குச் சிவப்பு. மூலையில் ஒரு பூந்தொட்டி வேறு. வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பம்பு அறைகளைப் பார்த்திருக்கிறாள். பூந்தொட்டி வைத்ததை இப்போதுதான் பார்க்கிறாள். சிரிப்பு வந்தது.

மாநிலத்தின் குடிநீர் அமைப்புகளையெல்லாம் ஆய்வு செய்து, எந்த ஊருக்கு என்ன தேவை, என்ன செலவாகும் என்று மதிப்பெண் போடும் குழுவில் அவள் பொறியாளர். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரான பரீட்சை இது. எந்த ஊரின் குழாய் உருப்படாமல் கிடக்கிறதோ அந்த ஊருக்கு முதல் ரேங்க். மேலிருந்து வரிசையாகப் பணத்தை ஒதுக்கிக்கொண்டே வருவார்கள். பணம் தீரும் இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே போன ஊர் அடுத்த ஆய்வு வரைக்கும், அதாவது இன்னும் ஐந்து வருடம், இருப்பதை ஒட்டிப் போட்டு ஓட்ட வேண்டும். இந்த ஊரின் பிரதானக் குழாயைப் புதைத்தபோது அவளுடைய அப்பாவே பிறந்திருக்கவில்லை. அதை மாற்றப் பணம் வருமா வராதா என்பதுதான் கேள்வி. ஊர் மன்றத் தலைவர் அவளுடைய கூடப் பிறந்த அக்கா என்பதுதான் தலைவலி.

இந்த ஊரை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். நிதிப் பிரிவு அதிகாரிதான் யார் எங்கே போவது என்று பிரித்துக் கொடுப்பவர். எந்தத் தொகையைக் கண்டாலும் நறுக்கிவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். "ஆள் எங்கம்மா இருக்கு? நீங்களே போய்ட்டு வாங்க," என்றவர், பக்கத்து மேசைகளுக்கும் கேட்கும்படி, "அக்கா ஊராச்சே, பைப்பத் தங்கத்துலயே கேட்டுறாதீங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் ஏறி, இறங்கி, இந்த ஊர் வரைக்கும் அவள் கூடவே வந்திருந்தது.

பிரதானக் குழாய் போகும் வழியில் அவளும் அக்காவும் வால்வுக்காரரும் நடந்தார்கள். அக்கா முன்னால், விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுபவள் போலக் கையை வீசிக்கொண்டு. சாலை காய்ந்து கிடந்தது. ஆனால் நாலு வீட்டுக்கு ஒரு இடத்தில் புதுத் தார் கறுப்பாக, சதுரமாக மினுங்கியது. குழாயில் பொருத்திப் பார்த்த அழுத்தமானியின் முள் கொஞ்சமும் இறங்காமல் அப்படியே நின்றது. குழாயின் வயசுக்கு இது நடக்கிற காரியமே இல்லை. எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறது என்று காட்டும் பெரிய மீட்டராவது உண்மையைச் சொல்லும் என்று பார்த்தால், அது பழுதாகிப் பல வருடம் ஆகியிருந்தது. பழைய கணக்கு என்று ஒன்று கிடையாது.

"கசிவே காணோமே?" என்றாள் வால்வுக்காரரிடம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எப்படிங்க இருக்கும்? ஒரு வாரமா யாரும் வீட்டுக்கே போகல. எங்கெங்க ஒழுகுதோ அங்கெல்லாம் தோண்டி கிளாம்ப் போட்டுட்டோம். தலைவரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க, என் தங்கச்சி வர்ற அன்னிக்கு ரோட்டுல ஒரு சொட்டு நிக்கக் கூடாதுன்னு."

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "வெயில் காலம் வரைக்கும் தாங்கும் மேடம். அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் அக்காவைத் தனியாக இழுத்துப் போனாள். "என்னக்கா பண்ணி வச்சிருக்க? ஒழுகறதப் பாக்கத்தான நான் வந்ததே!"

"அதுக்காக? வர்றவங்க முன்னாடி கிழிசலக் காட்டிட்டு நிக்கச் சொல்றியா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நாலு காசு குடுத்தா ஒழுங்கா வச்சுக்குவாங்கன்னு தெரிஞ்சாத்தானடி குடுப்பாங்க? அதுவும் நீ வர்ற. என் தங்கச்சி வந்து மூக்கப் பொத்திட்டுப் போனான்னு இந்த ஊரு பேசணுமா?"

அக்கா சொன்னதில் தப்பே இல்லை. உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் அது சரிதான். இந்த ஒரு இடத்தில்தான் அது தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. அதை அக்காவிடம் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது தங்கைதான். சொந்தம் என்பதால், ஆய்வு முடியும்வரை போனில்கூடப் பேசக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காத சட்டம்.

ஆய்வுக்குப் போன அன்று கண்ணால் கண்ட கசிவைத்தான் எழுத வேண்டும், அடைத்த ஒட்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. சந்தேகம் இருந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் இன்னொரு முறை வர அனுமதி கேட்கலாம். கேட்க வேண்டியது கத்தரியிடம். போனை எடுத்தாள். போன மாதம்கூட வேறோர் ஊருக்கு இப்படி அரை நிமிடத்தில் கேட்டு வாங்கியிருந்தாள். இப்போது விரல் நகரவில்லை. அக்கா ஊருக்கு இரண்டாவது தடவையா, என்று அவர் இழுக்கப்போவது காதில் விழுந்தது. மேசைகளுக்குப் பின்னால் தலைகள் திரும்புவது தெரிந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மதிப்பெண் தாளில், கசிவு இல்லை என்று எழுதினாள். எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் பிறகு அவளைத் தின்றது.

புறப்படும்போது அக்கா பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "பாஸா?" என்றாள், சின்னப் பெண் மாதிரி. அவள் ஜன்னல் கம்பியில் இருந்த அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

பட்டியல் வந்தபோது அந்த ஊர் கோட்டுக்குச் சற்றே கீழே நின்றது. கத்தரி அவள் மேசைக்கே வந்தார். "பரவாயில்லையேம்மா. அக்கா ஊருன்னுகூடப் பாக்கல. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா டிபார்ட்மென்ட் எங்கயோ போயிடும்." அவர் மனசாரத்தான் சொன்னார். அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்று அக்காவே போன் செய்தாள். திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. "விடுடி, நீ என்ன பண்ணுவ, எங்களவிட மோசமா எத்தன ஊரு இருக்கும்," என்று சொல்லிவிட்டு, தங்கையின் பையனுக்கு ஜுரம் தேவலையா என்று கேட்டாள்.

வெயில் காலம் வந்தது. வால்வுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. குழாய் ஒரே நாளில் மூன்று இடத்தில் வாயைப் பிளந்தது என்று கேள்விப்பட்டதும் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் வழி நெடுக ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா, நான் இன்னொரு தடவ வந்திருக்கலாம், பயந்துட்டேன். சுலபமான வாக்கியம்தான்.

அக்கா வீட்டில் இல்லை. மூன்றாவது தெருவில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்று, ஹோஸைப் பிடித்துக் குடங்களுக்கு விட்டுக்கொண்டிருந்தாள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. தங்கையைப் பார்த்ததும், "வாடி, சாப்டியா?" என்றாள், ஏதோ விருந்துக்கு வந்தவளைக் கேட்பது போல.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அதற்குள் வரிசையில் இருந்த ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு முன்னால் வந்துவிட்டாள். "இவங்கதான அன்னிக்கு வந்து எழுதிட்டுப் போன ஆபீசர்? நல்லா எழுதுனீங்கம்மா. குடும்பமே குளுந்து போச்சு." தங்கைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

"ஏய், நிறுத்து," என்றாள் அக்கா. கட்டிய தொண்டையோடு, தெருவுக்கே கேட்கும்படி. "என் தங்கச்சி கண்ணுல பட்டத எழுதுனா. தப்புப் பண்ணது நானு. ஒட்டுப் போட்டு மறைச்சவ நானு. சொந்த அக்காவுக்காகக்கூட ஒரு எழுத்து மாத்தி எழுத மாட்டா அவ. அந்த மாதிரி ஒருத்தி நம்ம வீட்டுல பொறந்திருக்கான்னு எனக்குப் பெருமைதான். நீ வரிசைல நில்லு."

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். வரிசையில் இரண்டொருவர் தலையாட்டினார்கள். அக்கா ஹோஸைத் தங்கையின் கையில் திணித்தாள். "செத்த நேரம் புடி. ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், காலைலேருந்து நிக்கறேன். என்னமோ சொல்லணும்னியே, வந்து கேக்கறேன்." அவள் தெருவைக் கடந்து ஒரு வீட்டுக்குள் போவதை, கால் தாங்கித் தாங்கிப் போவதை, தங்கை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நெறைஞ்சிடுச்சும்மா," என்றது முன்னால் ஒரு குரல். தண்ணீர் குடத்தின் கழுத்தைத் தாண்டி வழிந்து, குடத்துக்காரியின் பாதங்களை நனைத்து, சூடான தாரில் ஓடி, ஓடிய இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. "நெறைஞ்சிடுச்சும்மா, நெறைஞ்சிடுச்சு," என்று வரிசையில் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்.