மிஸ் கோல் தருபவர் காணாமற்போனவர் அல்லர்

1

நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து இந்தக் கதை தொடங்கியது. கடிதத்தில் இலக்கணப் பிழை எதுவும் இருக்கவில்லை. வேறு பிழை இருந்தது. அதனால்தான் இப்போது தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாலமுனையில் சைக்கிள் திருத்தும் முத்தலிப்புக்காக எழுதிய கடிதம் அது. அவருடைய மனைவி றஹீமா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போய் இரண்டு வருடங்களுக்கு மேலாகிறது. பெப்ரவரி தொடக்கத்தில் ஏஜென்சியிலிருந்து ஒருவர் தொலைபேசியில், "ஒங்கட ஆள் மிஸ்ஸிங்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஜனவரி பத்தொன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை, வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை என்று வீட்டுக்காரர்கள் அறிவித்திருக்கிறார்களாம்.

முறைப்பாட்டுக் கடிதம் ஒன்று எழுதிக் கேட்டு முத்தலிப் கல்முனைக்கு என்னைத் தேடி வந்தபோது அழவில்லை. கோபமாக இருந்தார். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பார்.

"என்ன காக்கா மிஸ்ஸிங்? நேத்தும் மிஸ் கோல் வந்திச்சே!"

இந்த வசனத்தோடு கதையைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். வாசகர் சிரித்துவிடுவார் என்று பயந்து விட்டுவிட்டேன். (அன்று நானும் கொஞ்சம் சிரித்தேன். முத்தலிப் அதைப் பார்த்தார்.)

2

கைவிட்ட தொடக்கங்கள் இரண்டு.

விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் றஹீமா ஒருமுறை திரும்பிப் பார்த்து —

(நான் அங்கே இருக்கவில்லை. திரும்பிப் பார்த்தாரா என்று முத்தலிப்பைக் கேட்டேன். "ஞாபகமில்ல காக்கா, பாஸ்போட்டத் தேடிட்டு நிண்டம்" என்றார்.)

'மிஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கல்முனைப் பக்கத்தில் —

இதைத் தொடரலாம். எங்கள் ஆஸ்பத்திரிகளில் தாதிமார் எல்லோரும் மிஸ்தான். பேரப்பிள்ளை கண்டவரும் மிஸ்தான். டியூஷன் வகுப்பில் படிப்பிக்கும் பெண் மிஸ். அக்கரைப்பற்று பஸ் போய்விட்டால் பஸ் மிஸ். ஓரிரு புள்ளிகளால் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கெம்பஸ் மிஸ். ஓட்டோக்களின் பின் கண்ணாடியில், யாரையென்று சொல்லாமல், ஐ மிஸ் யூ. சண்டைக் காலத்தில் "மிஸ்ஸாயிட்டு" என்று ஒருவர் சொன்னால் துப்பாக்கிச் சூடு அவர்மீது படவில்லை, உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். அதே காலத்தில் அதே சொல்லின் கடைசியில் 'இங்' சேர்ந்தால் அவர் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். கடல் ஊருக்குள் வந்த வருடம் பாடசாலைச் சுவர்களில் ஒட்டிய பட்டியல்களுக்கும் அதுவே தலைப்பு. அந்தப் பட்டியல்கள் சிலவற்றை நான் பத்திரிகைக்காகப் பிரதி எடுத்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அதைவிட வேறெதுவும் அப்போது என்னால் செய்ய முடியவில்லை.

3

முத்தலிப் வீட்டில் இந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் எந்த அகராதியிலும் இல்லை.

குவைத்து வீட்டில் றஹீமாவின் பெரிய போனை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஒருத்தி கொடுத்த பழைய பட்டன் போன் ஒன்று அவரிடம் இருந்தது. அது மாவு டின்னுக்குள், அணைத்தபடி கிடக்கும். மத்தியானம் வீட்டு எஜமானி உறங்கும் நேரத்தில் அதை எடுப்பார். எங்கள் நேரம் நாலேகால்.

ஒரு ரிங் என்றால் சுகமாக இருக்கிறேன். இரண்டு ரிங் என்றால் பிரச்சினை, ஏஜென்சிக்கு ஓடு.

"நான் அடிச்சா எடுத்திராதீங்க. ஒங்கட கொரலக் கேட்டா அழுதிருவன். கண் செவந்தா மேடம் கேப்பா, பொறகு போனும் போயிரும்." போன புதிதில் றஹீமா இப்படிச் சொன்னதாக முத்தலிப் சொன்னார்.

ஆகவே அவர் எடுக்கவில்லை. இரண்டு வருடங்களாக, நாலேகாலுக்கு ஒரு ரிங். பக்கத்தில் மீன் விற்கும் றிபாஸ் பகிடி பண்ணுவாராம்: "மச்சான், பள்ளியில பாங்கு பிந்தினாலும் உன்ட பொண்டாட்டி பிந்தமாட்டா. நான் மணிக்கூட்டையே வித்துட்டன்."

திருப்பி அழைத்தால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்வாள். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அணைந்திருந்தால் அது டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் முத்தலிப் எடுத்துக்கொண்டார்.

4

றஹீமா எனக்குப் பிடிபடவில்லை. என்னிடம் இருப்பது ஒரு கடவுச்சீட்டுப் படமும் இரண்டு வருடத்து ரிங்குகளும். ஒரு பாத்திரத்தை வைத்து எழுத இது போதாது. பொறுமையானவர் என்று எழுதினேன், பிறகு வெட்டினேன். பொறுமையானவர்களைப் பற்றி எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. மகள் சிபானாவிடம் கேட்டேன். பதினேழு வயது.

"உம்மாவா? சண்டைக்காரி. கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டமாட்டா."

நிறுத்தாமல் கதைக்கும் பெண் ஒரு ரிங்கில் நிறுத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த றஹீமா இவ்வளவுதான்.

5

இனிக் கடிதம். கல்முனையில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். அங்கிருந்துதான் கொழும்புக்கும், அங்கிருந்து தூதரகத்துக்கும் முறைப்பாடு போக வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறார், விரைவாகத் தேடுங்கள் என்று வற்புறுத்த நினைத்தேன். அதனால், அவர் இன்றுவரை நாள் தவறாமல் மிஸ் கோல் தருகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். என் வாதத்துக்கு அதுவே ஆகப் பெரிய பலம் என்று நம்பினேன்.

சுலக்சன் என்ற இளம் உத்தியோகத்தர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். காரைதீவுக்காரர், மரியாதையானவர். கடமையில் அவர் குறை வைத்ததாக எழுத எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

"அண்ணன், கோல் வருதெண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. பிறகு எப்படி நான் காணாமப் போன ஆளெண்டு பதியுற?"

"தம்பி, வாறது கோல் இல்ல. மிஸ் கோல்," என்றார் முத்தலிப்.

"மிஸ் கோலும் ஆள் அடிச்சாத்தானே வரும்?"

முத்தலிப் என்னைப் பார்த்தார். என் வாக்கியம் மேசைமீது கிடந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது, எல்லாம் உண்மை.

"ஒருக்கா எடுத்துப் பாருங்க அண்ணன்," சுலக்சன் முத்தலிப்பிடம் மெதுவாகச் சொன்னார். "அவவெண்டா எங்க நிக்கிறாவெண்டு கேளுங்க. வேற ஆளெண்டா அண்டைக்கே பதிஞ்சு அனுப்புறன். தெரியாம நான் என்னத்த எழுதுற?"

6

திரும்பும் வழியில் பஸ்ஸுக்குள் முத்தலிப் ஒன்றைச் சொன்னார். அதை இந்தக் கதையில் எங்கே வைப்பது என்று பல நாள் யோசித்தேன். முதலில் வைத்தால் நீங்கள் அவரை வெறுத்துவிடுவீர்கள். கடைசியில் வைத்தால் அது தந்திரம். அவர் எப்போது சொன்னாரோ அப்போதே வைக்கிறேன்.

"காக்கா, அந்த வெள்ளிக்கிழம நாலேகாலுக்கு வரல்ல."

"எது?"

"மிஸ் கோல். மத்தியானம் வந்திரிக்கி. நான் ஜும்ஆத் தொழுகைக்குள்ள. போன சைலண்ட்ல போட்டிருந்தன். வெளிய வந்து பாத்தா ஒரு மிஸ் கோலெண்டு கிடக்கு."

"ஒரு ரிங்கா, ரெண்டா?"

என் கேள்வி எவ்வளவு மோசமானது என்று சாய்ந்தமருது தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ரிங்கானாலும் இரண்டானாலும் போனின் திரை ஒன்றையேதான் காட்டும். ஒரு மிஸ் கோல்.

"நேரம் மாறி வந்திச்செண்டு யோசிச்சன். பொறகு வெள்ளிக்கிழம தானே, ஆக்கள் வீட்டில நிப்பாங்க, அதால முந்தி அடிச்சிருப்பாவெண்டு நானே செல்லிக்கிட்டன். அடுத்த நாள் நாலேகாலுக்கு ஒரு ரிங். பாத்தீங்களா, சுகமாத்தான் இரிக்காவெண்டு பிஸ்கட் வாங்கிட்டு வீட்ட போனன்."

ஜனவரி பத்தொன்பது. மத்தியானம் பன்னிரண்டே முக்கால். குவைத்தில் காலை பத்தேகால், றஹீமா வீட்டை விட்டுப் போனதாக அவர்கள் சொன்ன அதே காலை.

7

(முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முத்தலிப் எடுக்கிறார். றஹீமா. வேறொரு வீட்டில் வேலை செய்கிறார், சுகம். மூன்று பக்கம் எழுதினேன். அதில் றஹீமா பொறுமையாகப் பேசினார். கிழித்துவிட்டேன்.

முத்தலிப் எடுக்கிறார். பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண். 'ஒரு நாளும் விடாம ஒரு ரிங் குடு, அந்த மனுசன் பயந்திருவார்' என்று றஹீமா தன்னிடம் போனைத் தந்துவிட்டுப் போனதாகச் சொல்கிறாள். எங்கே போனார் என்று கேட்டால் —

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

இன்று இரண்டு ரிங் வருகிறது. நல்ல திருப்பம். ஆனால் வரவில்லை.)

நடந்ததை எழுதுகிறேன். நேற்று நாலு மணிக்குப் பாலமுனைக்குப் போனேன். சைக்கிள் ஒன்று தலைகீழாக நின்றது. முத்தலிப் பழஞ்சேலைத் துண்டில் கையைத் துடைத்துவிட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். போன் அவர் கையில். சிபானா கதவோரம் நின்றாள். காலையிலிருந்து இருவருக்கும் வாக்குவாதமாம்.

"எடுங்க வாப்பா."

"எடுத்தா, வேற ஆள் கதைச்சா?"

"கதைக்கட்டும். அப்பயெண்டா அந்த ஒபிஸ் சேர் பதிவாரு, தேடுவாங்க."

"இப்ப ஒரு ரிங்காவது வருது மகள். எடுத்தா அதுவும் இல்லாமப் போயிரும். உம்மாவத் தேடுது எண்டு நீதானே நேத்து அழுத?"

இங்கே ஒரு சிறு குறிப்பு, மன்னிக்கவும். மனைவியோ தாயோ தூரத்தில் இருக்கும்போது நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் மிஸ் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குத் 'தேடுது' என்போம். "புள்ளைக்கு உம்மாவத் தேடுது" என்றால் யாரும் எழுந்து போய்த் தேடுவதில்லை. பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்வோம்.

சிபானா முன்னால் வந்தாள்.

"ஓம், எனக்குத் தேடுது. ஒங்களுக்கும் தேடுது வாப்பா. அதுக்காக நீங்க தேடல்ல."

முத்தலிப் போனை வலக் கைக்கு மாற்றினார். பெருவிரல் பச்சைப் பட்டன்மீது வந்தது. ஒரு ரிங்குக்குள் எடுக்க வேண்டுமென்றால் விரல் முதலே அங்கே இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அவர் அதைச் செய்ததில்லை. "நீங்க செல்லுங்க காக்கா," என்றார். ஊரில் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லும் நான் வாய் திறக்கவில்லை. ஒருமுறை அவருக்காக ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன். அது போதும்.

நாலேகால். போன் அதிர்ந்தது.

ஒரு ரிங் மூன்று விநாடி; இந்த வாக்கியத்தை வாசிக்க உங்களுக்கு எடுக்கும் நேரம்தான். விரல் பட்டன்மேல் இருக்கிறது, இன்னும் அழுத்தவில்லை, சொல்வதென்றால் முற்றுப்புள்ளிக்கு முதல் நீங்கள்தான் சொல்ல வேண்டும், எடுக்கவா, வேண்டாமா,